ராத்திரிக்கு என்ன?

வேலை நாட்களில் வீட்டுச் சமையலுக்கு வழி என்ன? கொங்கு அடுப்படியில் விடை எப்போதோ இருக்கிறது. அதைச் செய்யும் கைகள்தான் போதவில்லை.

"சமைக்கறதுகூட கஷ்டமில்லைங்க. என்ன சமைக்கறதுன்னு ரோசனை பண்றதுதான் கஷ்டம்."

வேலைக்குப் போய்வரும் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து நின்றால், கோவை சுந்தராபுரம் பஸ் ஸ்டாப்பானாலும் சரி, போத்தனூர் ஜங்ஷன் பிளாட்பாரமானாலும் சரி, இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். காலைச் சமையலுக்கு ஒரு கட்டாயம் இருக்கிறது. ஸ்கூல் வேன் காத்திருக்காது. டிபன் பாக்ஸை மூடியே ஆக வேண்டும். இரவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. போனை எடுத்து ஆர்டர் போட்டால் கொஞ்ச நேரத்தில் பரோட்டா வாசலுக்கு வந்துவிடுகிறது. அதனால், வாரத்தின் நடுவில் உடம்பு அசந்துபோகும்போது முதலில் கைவிடப்படுவது இரவுச் சமையல்தான்.

இது கோவைக்கு மட்டுமான கதையல்ல. 2022-23ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், நகரக் குடும்பங்களின் மொத்தச் செலவில் 10.64 விழுக்காடு பானங்களுக்கும் பதப்படுத்திய, தயாரான உணவுகளுக்கும் போகிறது. உணவுக்கான செலவுகளில் இதுவே பெரிய இனம். அரிசி, பருப்பு, பால், காய்கறி எல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன.

இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் என்று, பள்ளிப் பிள்ளைகளின் தட்டில் இரண்டு வேளைக்கு அரசு கை கொடுத்திருக்கிறது. மூன்றாவது வேளை முழுக்க முழுக்க வீட்டின் பொறுப்பு. குடும்பம் முழுவதும் ஒன்றாக உட்கார வாய்ப்புள்ள வேளையும் அது ஒன்றுதான்.

டூட்டி நேரத்தில் வளர்ந்த ஊர்

இந்தக் கேள்வியைப் போத்தனூரில் வைத்துப் பேசக் காரணம் உண்டு. கடிகாரத்தைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. 1862-ல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன ரயில் பாதை போத்தனூர் வழியாகத்தான் போனது. கோவை நகருக்குள் ரயில் வந்தது அதற்குப் பிறகு, 1873-ல். அன்றிலிருந்து பகல் டூட்டி, இரவு டூட்டி என்பது இங்கே வீட்டுப் பேச்சு. ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பணிமனை ஒரு பக்கம், குறிச்சி சிட்கோவின் இன்ஜினீயரிங் பட்டறைகள் இன்னொரு பக்கம், பொள்ளாச்சி சாலை நெடுகக் கல்லூரிகளும் கம்பெனிகளும். ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று நேரத்தில் வீடு திரும்புவது இங்கே சாதாரணம்.

சமையலும் ஒரே மாதிரி அல்ல. கவுண்டர் வீட்டுக் கொள்ளுப் பருப்பு, பாலக்காட்டிலிருந்து வந்தவர்களின் புட்டும் கடலைக்கறியும், இஸ்லாமியர் வீடுகளின் தேங்காய்ச் சோறு, ரயில்வே காலனியின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் மஞ்சள் சாதமும் கோளா உருண்டைக் குழம்பும் என்று, இத்தனை அடுப்படிகள் ஒரே ஊரில் புகைந்திருக்கின்றன. ஆனால் வேலை நாளில் எல்லா அடுப்படிக்கும் கிடைக்கும் நேரம் என்னவோ ஒன்றுதான். வீட்டுக்குள் நுழைவதற்கும் பிள்ளைகள் தூங்குவதற்கும் நடுவில் உள்ள இரண்டு, இரண்டரை மணி நேரம். அதற்குள் வீட்டுப்பாடமும் உண்டு, துணி மடிப்பதும் உண்டு.

ஷிப்ட்டும் கிரைண்டரும்

கொங்குக் கிராமங்களில் இரவுச் சாப்பாடுதான் ஒரு காலத்தில் நாளின் பெரிய சமையல். காட்டு வேலை முடிந்து வந்து சோறோ களியோ ஆக்கி, சூடாகச் சாப்பிட்டு, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் அதுவே காலைக்குப் பழையது. கம்பும் ராகியும் சோளமும் அன்றாடம். இட்லி, தோசை தீபாவளிக்கு. காரணம் ருசியல்ல, உழைப்பு. ஆட்டாங்கல்லில் உளுந்தும் அரிசியும் ஆட்டி எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

இதை மாற்றியது மின்சாரம். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்ததும் பஞ்சாலைகள் பெருகின; பஞ்சாலையோடு ஷிப்ட் வந்தது. அடுத்த தலைமுறையில், 1955-ல், கோவையைச் சேர்ந்த பி. சபாபதி மோட்டார் பூட்டிய வெட் கிரைண்டரை உருவாக்கினார். குடும்பங்களின் நேரத்தை எடுத்துக்கொண்ட அதே மின்சாரம், இன்னொரு கையால் கொஞ்சம் நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஓட்டல்களில் தொடங்கிய கிரைண்டர், சாய்த்து மாவு எடுக்கும் டில்டிங் வகையாகி, பிறகு மேடை மேல் உட்காரும் டேபிள் டாப்பாகி, நடுத்தரக் குடும்பங்களுக்குள் வந்தது. 2005-06ஆம் ஆண்டில் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்றது. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியபோது, ரேஷன் அட்டை வைத்திருந்த ஏழை வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

விளைவு, தீபாவளிப் பலகாரம் செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாடாகிவிட்டது. இன்று தமிழ்நாட்டு நகரங்களில் வேலை நாள் இரவைத் தூக்கி நிறுத்துவது ஃபிரிட்ஜில் இருக்கும் மாவுப் பாத்திரம்தான். அது காலியான அன்றுதான் வீட்டில் சண்டை வருகிறது.

ஒரே குக்கர், ஒரே சாப்பாடு

மாவு இல்லாத நாளுக்குக் கொங்கு நாடு வைத்திருக்கும் பதில் அரிசிம்பருப்பு. வெளியூர்க்காரர்கள் இதைச் சாம்பார் சாதத்தின் தம்பி என்று நினைப்பார்கள். அல்ல. இதில் புளி கிடையாது, சாம்பார்ப் பொடி கிடையாது, காய்கூடக் கட்டாயமில்லை.

ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை துவரம் பருப்பு. இரண்டையும் கழுவி ஊற வைத்துவிட்டு முகம் கழுவப் போகலாம். குக்கரில் எண்ணெய் ஊற்றிக் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கை சின்ன வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், தட்டிய மிளகு, உப்பு சேர்த்து, மூன்றரை முதல் நான்கு டம்ளர் தண்ணீர் விட வேண்டும். கொதித்ததும் அரிசி, பருப்பைப் போட்டு மூடினால் மூன்று விசில். மேலே ஊத்துக்குளி நெய் ஒரு கரண்டி. தொட்டுக்கொள்ளத் தயிர், அப்பளம், ஊறுகாய். வெட்டுவதற்குப் பெரிதாக எதுவுமில்லை, கழுவுவதற்கு ஒரே பாத்திரம். அரிசியும் பருப்பும் சேர்வதால் புரதமும் ஒன்றையொன்று நிரப்பிக்கொள்கிறது. பருப்பு வகைகளை வேகவைப்பதும் குக்கரில் வைப்பதும் சத்துக்கு நல்லது என்றுதான், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் சொல்கிறது.

கொள்ளு இன்னொரு கெட்டிக்காரத்தனம். காலையில் ஊறப் போட்டுவிட்டுப் போன கொள்ளை மாலையில் குக்கரில் வேகவைத்து, தண்ணீரை வடித்தால் அது ரசத்துக்கு; வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், வரமிளகாய், சீரகத்தோடு அரைத்தால் அது கொள்ளுப் பருப்பு. ஒரே வேக்காட்டில் பருப்பும் ரசமும் முடிந்தன. பச்சைப்பயறு கடைசல், கீரைக் கடைசல், தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு எல்லாம் இதே கணக்கில் பிறந்தவை. நாள் முழுக்கக் காட்டில் நின்ற பெண்கள், அடுப்படியில் குறைவாக நிற்பதற்குக் கண்டுபிடித்த சமையல் இது. இன்றைக்கு ஆபீஸ் போகிறவர்களுக்கு அது அப்படியே பொருந்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை செய்தால் வியாழக்கிழமை மிச்சம்

வேலை நாள் இரவு நன்றாக ஓடும் வீடுகளைப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரியும். அவர்கள் மாலை ஏழு மணிக்கு யோசிப்பதில்லை. யோசனை ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருக்கும்.

முதலில் மாவு. இட்லி அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். உளுந்தைத் தனியாகப் பொங்கப் பொங்க ஆட்டுவது முக்கியம். புளிக்க வைப்பவை உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் 'லியூகோனோஸ்டாக்' போன்ற நுண்ணுயிரிகள். கோவையின் வெயில் நாளில் எட்டு மணி நேரம் போதும். மார்கழிக் குளிரில் பன்னிரண்டு மணி நேரமும் தாண்டும். பொங்கியதும் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். முழுப் பாத்திரத்தையும் தினமும் வெளியே எடுத்து வைத்து உள்ளே வைத்தால் சீக்கிரம் புளித்துவிடும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்து வெங்காயம். கொங்குச் சமையலின் நேரத்தைத் தின்பது சின்ன வெங்காயம் உரிப்பதுதான். ஞாயிறு மதியம் டி.வி. முன்னால் வீடே உட்கார்ந்து ஒரு கிலோ உரித்து, ஈரம் போகத் துடைத்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் வாரத்தின் பாதி வேலை முடிந்தது. பூண்டும் அப்படியே. நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி வைத்தால் சட்னிக்கு ஐந்து நிமிடம். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி ஒரு பாட்டில் இருந்தால் அவசரத்துக்கு உதவும்.

காய்கறிக்குச் சுந்தராபுரம் உழவர் சந்தை இருக்கிறது. உழவர் சந்தைகள் 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவியவை. விவசாயியே கொண்டுவந்து விற்பதால் காய் பசுமையாக இருக்கும். காலை நேரத்துச் சந்தை என்பதால் வார விடுமுறையில் சீக்கிரம் போவதே வழி. கீரையையும் வெண்டைக்காயையும் வாரத் தொடக்கத்துக்கும், பூசணி, சேனை, முருங்கை, முட்டைக்கோஸ் போன்றவற்றைப் பின்பாதிக்கும் ஒதுக்கினால் எதுவும் வீணாகாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சோறு மிச்சமானால் அடுப்பு மேடையிலேயே இரவு முழுக்க விட்டுவிடக் கூடாது. 'பேசில்லஸ் செரியஸ்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், 5 டிகிரிக்குக் கீழே குளிரவைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் பட்டியல்

திங்கள்: புது மாவில் இட்லி, நிலக்கடலைச் சட்னி.

செவ்வாய்: தோசை, தக்காளிச் சட்னி. மாவு இப்போது தோசைக்குப் பதமாக இருக்கும்.

புதன்: அரிசிம்பருப்பு, தயிர், அப்பளம்.

வியாழன்: கொள்ளு ரசம், கொள்ளுப் பருப்பு, சோறு, ஒரு பொரியல்.

வெள்ளி: மீதி மாவில் ஊத்தப்பம் அல்லது குழிப் பணியாரம். புளிப்பு ஏறிய மாவுக்கு வெங்காயமும் பச்சை மிளகாயும்தான் மருந்து.

சனி: சந்தகை, அதாவது கொங்கு நாட்டு இடியாப்பம். ஒரு பாதிக்கு எலுமிச்சை, மறுபாதிக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். ஆள் கூடினால் பிழிவது சுலபம் என்பதால் இதற்குச் சனிக்கிழமைதான் பொருத்தம்.

ஞாயிறு: கறியோ பிரியாணியோ, அவரவர் வீட்டு விருப்பம். ஓட்டலுக்குப் போனாலும் தப்பில்லை.

இந்தப் பட்டியலில் ரகசியம் எதுவுமில்லை. எந்த நாளைக்கு எது என்று முன்பே தெரிந்திருப்பதால், முதலில் வீட்டுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் அடுப்பைப் பற்ற வைக்கலாம். அம்மா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பட்டியலின் உண்மையான பலன் இதுதான்.

மாவு பாக்கெட் வாங்கினால் பாவமா?

கோவையில் தெருவுக்கு ஒரு மாவுக் கடை உண்டு. வீட்டுக் கிரைண்டரிலேயே ஆட்டி அக்கம்பக்கத்துக்கு விற்றுப் பிழைக்கும் பெண்களும் ஏராளம். 2005-ல் பெங்களூரில் பி.சி. முஸ்தபா தொடங்கிய ஐடி ஃபிரெஷ், ஒரு சின்ன அறையில் மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. ஈரோட்டில் மஞ்சள் வியாபாரத்தில் இருந்த பி.சி. துரைசாமி தொடங்கிய சக்தி மசாலாவும், வீட்டில் இடித்து அரைக்க நேரமில்லாதவர்களை நம்பியே எழுந்தது.

இவற்றை வாங்குவது வீட்டுச் சமையலுக்குத் துரோகம் என்று சொல்லும் மாமியார்களும் பேச்சாளர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயமில்லை. அரைத்த மாவை வாங்கி வீட்டில் சுடுவதற்கும், பொட்டலம் பிரித்தால் தின்னும்படி தொழிற்சாலையிலிருந்து வருவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முன்னதில் எண்ணெயும் உப்பும் நம் கையில் இருக்கின்றன. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பது மருத்துவர்களின் அளவுகோல். ஓட்டல் குருமாவிலும் பாக்கெட் நூடுல்ஸிலும் அந்த அளவை நாம் பிடித்து நிறுத்த முடியாது. வீட்டுச் சாப்பாட்டின் பெருமை, எல்லாவற்றையும் தானே அரைத்தோம் என்பதில் இல்லை. தட்டில் என்ன விழுகிறது என்று தெரிந்திருப்பதில் இருக்கிறது.

யார் கையில் கரண்டி?

இனி, சமையல் குறிப்புகள் பேசாத விஷயத்துக்கு வருவோம்.

2024-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். இந்த 88 நிமிடமும் வீட்டு வேலை செய்யும் ஆண்களின் கணக்குதான். எதுவும் செய்யாத ஆண்கள் இதில் வரவே இல்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பட்டறையில் ஒரு ஷிப்ட், வீட்டில் ஒரு ஷிப்ட். இரண்டாவது ஷிப்ட்டுக்குப் பி.எஃப். கிடையாது, வார விடுமுறையும் கிடையாது.

2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாயைப் பெண்களின் கணக்கில் போடுகிறது. வீட்டில் அவர்கள் செய்யும் உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே சொல்லிக் கொடுக்கும் பணம் அது. நல்லது. ஆனால் அந்தப் பணம் வெங்காயம் உரிக்காது.

ஜப்பானில் சமையலும் வீட்டு நிர்வாகமும் சேர்ந்த வீட்டியல் பாடம், நடுநிலைப் பள்ளியில் 1993 முதலும் மேல்நிலையில் 1994 முதலும் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கட்டாயமாக்கப்பட்டது. தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகளிலேயே பையன்களும் சோறு வடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். நம் ஊரில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு வேலைக்காகப் பெங்களூர் போகும் பையனுக்குத்தான், குக்கர் விசில் எத்தனை என்று அம்மாவிடம் போனில் கேட்க வேண்டியிருக்கிறது. ஆயுத பூஜைக்கு லேத்தையும் ஸ்பேனரையும் துடைத்துப் பொட்டு வைக்கும் ஊரில், மிக்ஸி ஜாரைக் கழற்றத் தெரியாத ஆண்கள் இத்தனை பேர் இருப்பது விநோதம்தான்.

சின்னச் சின்னதாகவே தொடங்கலாம். முதலில் வீட்டுக்கு வருகிறவர் அரிசியும் பருப்பும் ஊற வைக்கட்டும். பத்து வயதுப் பிள்ளை தட்டு வைக்கட்டும், தண்ணீர் ஊற்றட்டும். பன்னிரண்டைத் தாண்டிய பையன் தோசை சுடட்டும். முதல் நாலைந்து பிய்ந்து போகும், போகட்டும். மாவு ஆட்டுவது கணவன் பொறுப்பு என்று ஒதுக்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இன்னும் நிதானமாக விடியும். பாட்டி, தாத்தா இருக்கும் வீடுகளில் வெங்காயம் உரிப்பதும் கீரை ஆய்வதும் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. ஆனால் முழுச் சமையலையும் எழுபது வயதுக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

வாரத்தில் ஏழு நாளும் வீட்டில் சமைத்தே தீர வேண்டும் என்ற வைராக்கியமும் தேவையில்லை. ஐந்து நாள் வீட்டுச் சாப்பாடு நடந்தால் அது நல்ல வாரம். ஆறாவது நாள் கடைப் பரோட்டா வந்தால் குற்ற உணர்ச்சி இல்லாமல் சாப்பிடலாம்.

கொங்கு நாடு மாவாட்டக் கிரைண்டரைக் கொடுத்துவிட்டது, ஒரே குக்கரில் முடியும் சோற்றையும் கொடுத்துவிட்டது. கருவியும் பக்குவமும் இருக்கின்றன. பங்கிட்டுக்கொள்வது மட்டும்தான் பாக்கி. எனவே இந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக உட்கார்ந்து அடுத்த வாரப் பட்டியலை எழுதுங்கள். ஒவ்வொரு நாளுக்கு நேராகவும் சாப்பாட்டின் பெயரோடு, அதைச் சமைக்கப்போகிறவர் பெயரையும் எழுதுங்கள். எல்லா நாளுக்கும் ஒரே பெயர் வந்தால், அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.